ஊன்றுகோல் தந்த பெருமான்



நாயன்மார் வரலாற்றிலே நோயைப் பற்றிய இடங்கள் பல உண்டு. பாண்டிய மன்னனுக்கு வந்த வெப்பு நோய், கொல்லி மழவனின் மகளைப் பிடித்த முயலகன், திருநாவுக்கரசு சுவாமிகளை வருத்திய சூலை என்று சேக்கிழார் பெருமான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிச் செல்கிறார். நோய் தீர்ந்த அற்புதத்தை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். தீர்வதற்கு முன் அந்த நோயாளியை யார் தாங்கினார்கள் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இம்முறை அந்தப் பக்கத்தைப் பார்ப்போம். அதற்காக நாம் எடுத்துக்கொள்வது, எமது கோயிலுக்கு வரும் குடும்பங்களில் பலருக்கும் பழக்கமான மூட்டுவாதம்.

சூலை வந்தபோது மருள்நீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியிலே தருமசேனர் என்ற பெயரோடு பெருமதிப்புடன் இருந்தார். அங்குள்ளவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார்கள். நீரை மந்திரித்துக் குடிக்கக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். நோ கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அவர் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையார் திலகவதியாரின் காலில் விழுந்தார்.

திலகவதியாருக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. தாய் தந்தையர் இறந்தபின், தமக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையாரும் போரிலே மாண்டபின், இந்தத் தம்பிக்காகத்தான் அந்த அம்மையார் உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியோ அவரைத் தனியே விட்டுவிட்டுப் போனார். ஆனாலும் அம்மையார் அந்தப் பழைய பேரேட்டைத் திறக்கவில்லை. அறியாமல் துயரப்பட்டீர், எழுந்திரும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். திருநீறு கொடுத்தார். விடியுமுன்னே அலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது தம்பியையும் கூடவே அழைத்துப் போனார். உமக்கு உண்மையாகவே வயிற்றில் நோவா என்று அவர் ஒருமுறையேனும் கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை.

எங்கள் வீடுகளிலே நடப்பது வேறு. "அம்மா காலமை எழும்பமாட்டா. பத்து மணிக்குப் பிறகு பாருங்கோ, நல்லா நடந்து திரிவா" என்று மகன் சொல்வான். சொல்கிறபோது ஒரு சிரிப்பும் வரும். மருமகள் ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இது முற்பிறப்பு வினை, அனுபவிச்சுத்தான் தீரவேணும்" என்று தத்துவம் பேசிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார். வினைக் கொள்கை சைவத்திலே உண்டு. தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள ஒருவர் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டு நோயாளியின் கட்டிலருகே நின்று அதைச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

காலையில் எழும்ப முடியாததும் பத்து மணிக்கு நடக்க முடிவதும் நடிப்பல்ல. இந்த நோயின் அடையாளமே அதுதான். மூட்டுவாதம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குள்ளே நூறுக்கும் மேற்பட்ட வெவ்வேறு நோய்கள் அடங்கும். மிகப் பரவலானது ஒஸ்டியோஆர்த்ரைட்டிஸ். எலும்பின் நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பு நாளடைவில் மெலிந்து, மூட்டு முழுவதுமே பாதிக்கப்படுகிறது. முழங்கால், இடுப்பு, கைவிரல் ஆகியவற்றையே அதிகம் தாக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் 52 கோடி 80 இலட்சம் பேருக்கு இது இருந்தது. அவர்களில் 60 வீதத்தினர் பெண்கள். இந்த வகையில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். கனநேரம் இருந்துவிட்டு எழும்பினாலும் இதே விறைப்பு வரும். கூட்டுப் பிரார்த்தனை முடிந்து பாயிலிருந்து எழும்புகிறவர்களைக் கவனித்தால் தெரியும்.

இரண்டாவது வகை ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ். இது தேய்மானம் அல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படை, வழிதவறித் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரேமாதிரி விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கலாம். கூடவே ஒரு களைப்பு வரும். நித்திரை கொண்டாலும் தீராத களைப்பு அது. இதைத்தான் வீட்டிலுள்ளவர்கள் சோம்பல் என்று பெயரிடுகிறார்கள். இது கிழவர்களின் நோயும் அல்ல. முப்பது நாற்பது வயதிலும் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சிறு பிள்ளைகளுக்கு வருகிற மூட்டுவாதமும் உண்டு. "வளர்ற காலத்து உளைவு" என்று விட்டுவிடாமல், பிள்ளை காலையில் நொண்டினால், மூட்டு வீங்கியிருந்தால், வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்பிப் பனியிலும் புயலிலும் கார் ஓட்டிக்கொண்டு கோயிலுக்கு வருகிற நாம், கண்ணுக்குத் தெரியாத நோவைத் தாயின் வாயால் கேட்டும் நம்பமாட்டோம் என்றால் அந்த நம்பிக்கைக்கு என்ன பெயர்?

நம்பாமல் விடுவதன் விலை வெறும் மனவருத்தம் மட்டுமல்ல. ருமட்டோயிட் வகையிலே முதற் சில மாதங்கள் மிகப் பெறுமதியானவை. அந்தக் காலத்துக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டு கெடாமல் தடுக்க வாய்ப்பு அதிகம். காலம் தாழ்த்தினால் எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும். அரிக்கப்பட்டதை எந்தக் குளிசையாலும் திரும்பக் கொண்டுவர இயலாது. முந்திய தலைமுறைக்கு இந்த வசதி இருக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் மெதோட்ரெக்சேட் என்ற மருந்தும், 1998 முதல் உயிரியல் மருந்துகள் எனப்படும் ஊசிகளும் வந்தபிறகு இந்த நோயின் தலையெழுத்தே மாறியிருக்கிறது. ஊரிலே கோணிய விரல்களோடு திண்ணையில் இருந்த பாட்டிமாரை நினைத்துக்கொண்டு, இதுக்கு மருந்தில்லை என்று இன்றைக்கும் சொல்வது தவறு.

இங்கே ஒரு விடயத்தைப் பச்சையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலியாண வயதிலுள்ள பெண்பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் எங்கள் குடும்பங்கள் சில அதை மூடிவைக்கின்றன. சம்பந்தம் பேசுகிற நேரத்தில் வெளியே தெரிந்துவிடும் என்று நிபுணரிடம் போவதைத் தள்ளிப் போடுகிறார்கள். மருந்தை ஒளித்து ஒளித்துப் போடச் சொல்கிறார்கள். அந்தப் பெறுமதியான மாதங்கள் இப்படித்தான் போகின்றன. இந்த நோயுள்ள பெண்கள் ஏராளமானோர் திருமணம் செய்து பிள்ளை பெற்று நன்றாக வாழ்கிறார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மெதோட்ரெக்சேட் கருவிலுள்ள பிள்ளைக்குக் கெடுதல் செய்யும். ஆகவே பிள்ளை பெற எண்ணுமுன்னே வைத்தியரோடு பேசி மருந்தை மாற்ற வேண்டும். மூடிவைத்த வீட்டிலே இந்தப் பேச்சை யார் யாரோடு பேசுவது?

அடுத்தது மொழி. தாயை வைத்தியரிடம் கொண்டுபோவது பெரும்பாலும் இங்கே பிறந்த பேரப்பிள்ளை. அம்மம்மா, "கை விறைக்குது, கால் உளையுது, இரவிலே முழங்கால் கடுக்குது, தோளிலே குத்துது" என்று நான்கு விதமாகச் சொல்வார். பிள்ளை எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்திலே ஒரேயொரு சொல்லாக்கிவிடும். வைத்தியர் நோ மாத்திரை எழுதித் தருவார், கதை முடிந்தது. பிள்ளையில் பிழையில்லை. பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். விறைப்பு வேறு, நோ வேறு. எழும்பியபின் விறைப்பு எத்தனை நிமிடம் நிற்கிறது, எந்தெந்த மூட்டு, இரண்டு பக்கமுமா, வீக்கமும் சூடும் உண்டா என்று ஒரு தாளிலே எழுதிக்கொண்டு போங்கள். இந்தத் தகவல்தான் குடும்ப வைத்தியரை மூட்டுவாத நிபுணருக்கு எழுதிக் கொடுக்க வைக்கும். முடிந்தால் காலை எட்டு மணிக்கு நேரம் எடுக்காமல் பதினொரு மணிக்கு எடுங்கள். அம்மாவின் உடம்பு இளகிய பிறகு புறப்படலாம்.

மருந்து விடயத்திலே சில எச்சரிக்கைகள். மெதோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுப்பார்கள். மற்றக் குளிசைகளைப் போல நாளாந்தம் எடுத்து உயிராபத்து வந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. கிழமையைப் பெட்டியின்மேல் தமிழிலே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வைத்து எடுப்பிக்கிற டைக்குளோபினாக் குளிசைகளை மாதக்கணக்கில் போடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவை வயிற்றுப் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும். நீரிழிவும் சேர்ந்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதே மருந்து பூசுகிற களியாகவும் கிடைக்கிறது. முழங்காலுக்கு அது குளிசையைவிடப் பாதுகாப்பானது. பெயர் விபரம் ஒன்றும் எழுதாத "மூலிகை" உருண்டைகளில் ஸ்டீரோயிட் கலந்திருந்ததைப் பல நாட்டுச் சுகாதாரத் திணைக்களங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. இரண்டு நாளில் அற்புதமாகச் சுகம் வந்தால் சந்தேகப்பட வேண்டியது அங்கேதான். ஆனால் கனநாளாக எடுத்த ஸ்டீரோயிட்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். நல்லெண்ணெய் பூசுவதையும் சுடுநீர் ஒத்தணத்தையும் பற்றி நமக்கு ஒரு குறையும் இல்லை. சுகமாக இருக்கும், செய்யுங்கள். ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கக்கூடாது. கிருமி புகுந்திருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கிறவர்கள், தங்கள் மருந்துகளை வெறும் வயிற்றில் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். யூரிக் அமிலத்தால் கால் பெருவிரல் வீங்குகிற கௌட் நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீரும் இல்லாமல் பட்டினி கிடப்பது நோயைக் கிளப்பிவிடக்கூடும். (கௌட்டைக் கிளப்புகிற மற்றொன்று மதுபானம். அதைப் பற்றி இந்த இதழில் எழுத வேண்டிய அவசியம் இருக்காது என்று நம்புகிறோம்.)

இனி ஊன்றுகோலுக்கு வருவோம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரிலே சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டதால் இரு கண்ணின் பார்வையையும் இழந்தார். தட்டுத்தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் வந்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டிதான் அந்தத் தலம். அங்கே பெருமான் அவருக்குக் கண்ணைக் கொடுக்கவில்லை. ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு காஞ்சிக்குப் போனபோது இடக்கண் கிடைத்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை போகவேண்டியிருந்தது. கண்ணைக் கொடுக்க வல்லவர் ஏன் முதலில் கோலைக் கொடுத்தார் என்று உரைகாரர்கள் பலவிதமாக விளக்குவார்கள். நமக்குத் தோன்றுவது எளிமையானது. காஞ்சிவரை நடக்க வேண்டியிருந்தது. நடப்பதற்கு அன்றைக்குத் தேவைப்பட்டது கோல்.

எங்கள் பெரியவர்களோ கோலைக் கண்டால் கூசுகிறார்கள். கடையிலே வாங்கிக் கொடுத்த பொல்லு அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது. கோயிலுக்கு வரும்போது மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பொல்லை எடுக்கமாட்டார்கள். நாலு சனம் பார்க்கும் என்று பயம். தம்பிரான் தோழருக்கே பெருமான் கொடுத்த பொருள் அது. அதைப் பிடிக்கிற முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வலது முழங்காலில் நோவென்றால் பொல்லு இடது கையில் இருக்க வேண்டும். பலர் நோகிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அதனாலே பாரம் குறைவதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பொல்லின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வரவேண்டும்.

நோகிறது என்று கட்டிலோடு இருந்துவிடுவதும் சரியல்ல. தொடைத் தசை மெலிந்தால் முழங்காலின் பாரத்தைத் தாங்க ஆளில்லாமல் போகும். மெல்ல நடப்பதும், கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்குவதும், வெதுவெதுப்பான நீச்சல் தடாகத்தில் பயிற்சி செய்வதும் மருந்துக்குச் சமம். உடம்பில் ஒரு இறாத்தல் குறைந்தால் நடக்கிற ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு இறாத்தல் சுமை குறைகிறது என்று 2005ஆம் ஆண்டில் அளந்து காட்டியிருக்கிறார்கள். கோயில் அன்னதானத்திலே மூன்றாம் முறை சோறு கேட்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

அடியழிக்கிற தாய்மாருக்கும் பிரதட்டை செய்கிற ஐயாமாருக்கும் ஒரு விண்ணப்பம். நல்லூரிலே இளவயதில் செய்த நேர்த்தியை இங்கே அறுபத்தைந்து வயதில், வீங்கிய முழங்காலோடு, சீமெந்துத் தரையிலே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அப்பர் சுவாமிகள் கயிலைக்குப் போன வரலாற்றை நினையுங்கள். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார், பின் உருண்டார். அப்போது பெருமான் ஒரு முனிவராக வந்து அவரைத் தடுத்தார். இன்னும் கொஞ்சம் உருண்டு வா என்று சொல்லவில்லை. தேய்ந்த உறுப்புகளையெல்லாம் பழையபடி ஆக்கிக் கொடுத்து, பொய்கையிலே முழுகச் சொல்லி, திருவையாற்றிலே எழச்செய்து, அங்கேயே கயிலையைக் காட்டினார். அடியாரின் முழங்காலைப் பெருமானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கதிரையில் அமர்ந்து கைகூப்பினாலும் அது வணக்கமே.

குளிர் நாட்டுக்கு வந்ததால் வந்த வியாதி இது என்று பலர் நினைக்கிறார்கள். குளிரிலே நோ கூடுவதாகப் பலர் உணர்வது உண்மை, ஆனால் நோயை உண்டாக்குவது குளிர் அல்ல. கனகாலம் முழந்தாளிட்டும் பாரம் தூக்கியும் செய்கிற வேலை முழங்காலைக் கெடுக்கும் என்பது நிரூபணமானது. 1983க்குப் பின் இந்நாட்டுக்கு வந்தவர்கள் என்ன வேலை செய்தார்கள்? உணவகத்துப் பின்கட்டிலே பாத்திரம் கழுவினார்கள். இரவிலே அலுவலகங்களின் தரை துடைத்தார்கள். தொழிற்சாலையிலே பெட்டி தூக்கினார்கள். அந்தச் சம்பளத்திலேதான் தம்பி தங்கையரைக் கூப்பிட்டார்கள், இந்தக் கோயிலுக்கும் கல் வைத்தார்கள். பின்னாலே வந்த எம்போன்றவர்கள் மேசையில் இருந்து கணக்கு எழுதிப் பிழைப்பதும் அவர்கள் தேய்த்த மூட்டுகளின்மேல்தான்.

கணக்கு என்றதும் தொழில் வாசனை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவிலே இயலாமை வரிச் சலுகை என்று ஒன்று உண்டு. டீ2201 என்ற படிவம். நடப்பது, உடுப்பது, உண்பது போன்றவற்றை அநேகமாக எப்போதும் செய்யமுடியாதவர்கள், அல்லது செய்ய மிக அதிக நேரம் எடுப்பவர்கள், அந்நிலை பன்னிரண்டு மாதமாவது நீடிக்குமென்றால் விண்ணப்பிக்கலாம். நோயின் பெயர் மட்டும் போதாது. என்ன செய்ய முடியவில்லை, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்தியர் எழுத வேண்டும். அம்மாவுக்கு வரி இல்லாவிட்டால் பராமரிக்கிற பிள்ளைக்கு அதை மாற்றலாம். தகுதி இருந்தால் பத்து வருடம்வரை பின்னோக்கியும் கேட்கலாம். ஒன்ராறியோவில் வாகனத் தரிப்பிட அனுமதி அட்டையும் இலவசம். இவை பிச்சையல்ல, கூச்சம் வேண்டாம்.

வீட்டுக்குள்ளே செய்யக்கூடியவை சின்னச் சின்னவை. எழும்ப உதவும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டும் தோளும் நோகும். முழங்கைக்குக் கீழே தாங்கி, அவர்களாக எழும்ப விடுங்கள். மலசலகூட இருக்கையை உயர்த்தி, பக்கத்துச் சுவரிலே கைபிடி பூட்டுங்கள். போத்தல் மூடியை இறுக்கிப் பூட்டாமல் வையுங்கள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்தால் இருக்கிற பலமும் போய்விடும், மானமும் போய்விடும். இடியப்பம் பிழிவதும் தேங்காய் திருவுவதும் நோகிற கைக்குச் செய்யக்கூடிய பெரிய கொடுமை. ஞாயிற்றுக்கிழமை இடியப்பம் வேண்டுமென்று கேட்கிற ஆண்பிள்ளைகள் உரலைத் தாங்களே பிடிக்கலாம். மடைப்பள்ளித் தொண்டிலும் அப்படியே. முப்பது வருடம் மோதகம் பிடித்த கைகள் ஓய்ந்தால், "இப்ப அவ வாறதில்லை" என்று பேசாமல், வெற்றிலை அடுக்குவதையோ பூத்தொடுப்பதையோ, அதுவும் இயலாவிட்டால் இளையவர்களுக்கு மோதகத்தின் பக்குவம் சொல்லிக் கொடுப்பதையோ அவர்களிடம் கேளுங்கள்.

பராமரிக்கிறவரையும் மறக்கக்கூடாது. அநேகமான வீடுகளில் அது ஒரு பெண். பகலிலே வேலை, மாலையிலே மாமியாரின் காலுக்கு ஒத்தணம். அவருக்கும் நாரி நோகும். அண்ணன் தம்பியர் வாரத்தில் ஒரு நாளை ஆளுக்கு ஆள் பகிர்ந்து எடுத்தால், அந்த ஒரு மாலை அவர் கோயிலுக்குத் தனியே வந்து அமைதியாக இருந்து கும்பிட்டுப் போகலாம்.

வெள்ளிக்கிழமைப் பூசைகளுக்கு மண்டபத்தின் இடப்பக்கச் சுவரோரமாகக் கைபிடியுள்ள கதிரைகள் போடப்படும். கைபிடி இல்லாவிட்டால் எழும்ப ஊன்ற இடமில்லை, அதனால்தான் அப்படி. முன்வரிசையிலேயே போடப்படும். பின்னுக்குத் தள்ளினால் தீபாராதனை தெரியாது. வாசலில் சப்பாத்து வைக்கிற இடத்திலும் ஒரு வாங்கு இருக்கும். பனிக்காலத்துச் சப்பாத்தைக் குனிந்து கழற்ற முடியாமல் காருக்குள்ளேயே இருந்துவிடுகிறவர்கள் அதிலே அமரலாம். அவ்விடத்தில் நிற்கிற பிள்ளைகள் நூலை அவிழ்த்துவிடுவார்கள். பூசை முடிந்து வரும்போது திரும்பக் கட்டியும் விடுவார்கள்.